முன்பணம் கட்டிய பயிற்சியும் திரும்பாத பணமும்: ஒரு சட்ட வரலாறு

தனிநபர் பயிற்சி ஒப்பந்தம் என்பது ஒரு பயிற்சியாளரோ பயிற்சி நிலையமோ ஒருவருக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வகுப்புகளை நடத்தித் தர ஒப்புக்கொண்டு, அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடாகும். உடற்பயிற்சிக் கூடங்களில் இன்று 20, 50, 100 வகுப்புகள் எனத் தொகுப்பாக விற்கப்படுவது இதுவே. இடையில் நோய் வரலாம், வேலை மாறி ஊர் மாற நேரலாம், பயிற்சியாளரே வேலையை விட்டுப் போகலாம், மனமும் மாறலாம். அப்போது மீதி வகுப்புகளுக்கான பணம் யாருடையது? "கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது எவ்வளவு தூரம் செல்லும்?

இக்கேள்விக்கு இன்று பல நாடுகளில் தெளிவான விடை உண்டு. அந்த விடைக்கான வழக்குகளில் முக்கியமானவை அமெரிக்க நடனப் பள்ளிகளிலிருந்து வந்தவை. உடற்பயிற்சிக் கூடங்களின் பெயர் அதன் பிறகுதான் பெரிதாக அடிபட்டது.

பழைய நெறி: இழப்பு விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்

ஆங்கிலேயப் பொதுச்சட்டம் ஒப்பந்தத்தை மிகக் கண்டிப்பாகப் பார்த்தது. வாக்குக் கொடுத்தால் நிறைவேற்ற வேண்டும். முடியாமற்போனால் அது வாக்குக் கொடுத்தவன் பாடு. இந்தக் கண்டிப்பு 1863-இல் டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கில் தளர்ந்தது. கச்சேரிக்காக வாடகைக்குப் பேசிய இசை அரங்கு தீயில் அழிந்துவிட்டது. ஒப்பந்தத்தின் அடிப்படையாக இருந்த பொருளே இல்லாமற்போனால் இரு தரப்பும் கடமையிலிருந்து விடுபடுகின்றன என்று நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார்.

கடமை தீர்ந்தது சரி; முன்பே கட்டிய பணத்தின் கதி என்ன? 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் நடைபெறவிருந்தது. ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக இலண்டனில் வழியோர அறைகள் பெருந்தொகைக்கு வாடகைக்குப் போயின. மன்னருக்கு உடல்நலம் கெட்டு அறுவை சிகிச்சை நடந்ததால் விழா தள்ளிப்போனது. சாண்ட்லர் எதிர் வெப்ஸ்டர் (1904) வழக்கில் அறையின் வாடகை 141 பவுண்டு 15 ஷில்லிங். அதில் 100 பவுண்டு கட்டியாகிவிட்டது. ஊர்வலத்தைப் பார்க்காமலே கட்டிய 100 பவுண்டு போனது மட்டுமல்ல, பாக்கி 41 பவுண்டு 15 ஷில்லிங்கையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. தடை ஏற்படும் முன்பே செலுத்த வேண்டியிருந்த தொகை செலுத்த வேண்டியதே. இழப்பு எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கும் என்பது அன்றைய நெறி. பிரபுக்கள் அவை இதை மாற்ற 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போலந்துக்கு அனுப்ப வேண்டிய இயந்திரங்களுக்காகக் கட்டிய 1,000 பவுண்டு முன்பணத்தை, போரின் காரணமாக அவற்றை அனுப்ப முடியாமற்போனதால் திருப்பித் தரச் சொன்னது ஃபைப்ரோசா தீர்ப்பு. மறு ஆண்டே அதற்கென நாடாளுமன்றச் சட்டமும் வந்தது.

இவ்விடத்தில் இந்தியாவைக் குறிப்பிட வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆங்கிலேய வழக்கறிஞர்கள் வரைந்ததுதான். ஆயினும் முன்பண விஷயத்தில் அது இங்கிலாந்தைவிட எழுபது ஆண்டுகள் முந்திக்கொண்டது. அதன் 65-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால் அதன்வழி நன்மை பெற்றவர் அதைத் திருப்பித் தரவோ ஈடு செய்யவோ வேண்டும் என்கிறது. பிரிவின் கீழுள்ள எடுத்துக்காட்டு ஒன்று நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது: ஒருவர் கச்சேரியில் பாட 1,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார், உடல்நலமின்றிப் பாட இயலவில்லை, மற்றவருக்கு வரவிருந்த இலாபத்துக்கு அவர் நட்டஈடு தர வேண்டியதில்லை, ஆனால் அந்த 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தாக வேண்டும். 56-ஆம் பிரிவிலும் முன்பணம் பெற்று ஆறு மாதம் நடிக்க ஒப்பிய நடிகர் நோயுற்ற நாள்களைப் பற்றிய எடுத்துக்காட்டு உண்டு. இவற்றில் நோயுறுபவர் பாடுபவரும் நடிப்பவருமே. பணம் கட்டிக் கற்க வந்தவர் நோயுற்றால் என்ன செய்வது என்ற கேள்வி இந்த எடுத்துக்காட்டுகளில் எழவில்லை.

நடனப் பள்ளியில் 2,302 மணி நேரம்

ஆர்தர் மர்ரே (1895–1991) அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்றவர். தரையில் விரித்துப் பழகும் காலடித் தடப் படங்களைத் தபாலில் விற்று நடனம் கற்பித்துப் பெயர் பெற்றார். பின்னர் அவர் பெயரை உரிமம் பெற்று நடத்தும் கிளைப் பள்ளிகள் நாடெங்கும் தோன்றின. 1950-களில் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயருக்கு வீடுதோறும் செல்வாக்கு இருந்தது.

புளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில் இருந்த அத்தகைய கிளைப் பள்ளி ஒன்றுக்கு 1961 பிப்ரவரியில் 51 வயதுக் கைம்பெண் ஒருவர் நடன விருந்துக்கு அழைக்கப்பட்டார். முதலில் அவருக்கு விற்கப்பட்டது எட்டு அரைமணி வகுப்புகள்; விலை 14 டாலர் 50 செண்டு. அடுத்த பதினாறு மாதங்களில் அது பதினான்கு ஒப்பந்தங்களாகவும் 2,302 மணி நேரமாகவும் 31,090 டாலர் 45 செண்டாகவும் வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடினால் அதை முடிக்க ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆகும். முதல் வகுப்புகள் மணிக்கு மூன்றரை டாலர் சொச்சத்துக்கு விற்கப்பட்டன. மொத்தத்தின் சராசரியோ மணிக்குப் பதின்மூன்றரை டாலர்.

மனுவில் அவர் சொன்னதைப் பார்த்தால் விற்பனையின் இலக்கணம் விளங்குகிறது. அவருக்கு நடனத் திறமை இயல்பாகவே இல்லை, தாளம் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நல்ல முன்னேற்றம் என்று புகழப்பட்டார். வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் பதக்க நிலைகள் காட்டப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் பயன்படுத்தாமல் கிடக்கும்போதே, டிரினிடாட் பயணத்துக்குத் தகுதி பெற இன்னும் 151 மணி நேரம் விற்கப்பட்டது. அந்தப் பயணச் செலவும் அவருடையதே என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் மெக்சிகோ பயணத்துக்கு 175 மணி நேரம். வாங்கியதை முடிக்கும் முன் அடுத்ததை விற்றுவிடுவதே இங்கு தொழில்முறை.

கீழ் நீதிமன்றம் இவ்வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டது. புகழ்ச்சி என்பது கருத்து, கருத்து பொய்யாகாது என்பது பொதுவிதி. 1968-இல் புளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் வோக்ஸ் எதிர் ஆர்தர் மர்ரே வழக்கில் இதை மாற்றியது. இரு தரப்பும் சமநிலையில் இருந்தால்தான் அந்த விதி பொருந்தும். ஒருவர் துறையறிவில் மிக மேலே நின்று பேசும்போது அவர் கருத்தும் உண்மைக் கூற்றுபோலவே எடுத்துக்கொள்ளப்படும் என்றது. இத்தீர்ப்பு அவருக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதாகப் பலர் நினைப்பதுண்டு. தீர்ப்பு தந்தது வழக்கை நடத்தும் உரிமையை மட்டுமே. ஆனால் 'உங்கள் உடலமைப்புக்கு இன்னும் 40 வகுப்பு கட்டாயம் வேண்டும்' என்று பயிற்சியாளர் சொல்லும் சொல்லுக்குச் சட்டப் பொறுப்பு உண்டு என்ற எண்ணத்துக்கு இத்தீர்ப்பு வலுவூட்டியது.

"ரத்து செய்ய இயலாது" என்ற கொட்டை எழுத்து

இன்னும் முக்கியமானது சிகாகோவில் தொடங்கி இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973-இல் முடித்து வைத்த பார்க்கர் எதிர் ஆர்தர் மர்ரே வழக்கு. 37 வயதான, கல்லூரியில் படித்த, மணமாகாத ஒருவர் 1959 நவம்பரில் மூன்று இலவச வகுப்புகளுக்காகப் போனார். முதல் ஒப்பந்தம் 75 மணி நேரம், 1,000 டாலர். முடிவில் அவர் வாங்கியிருந்தது 2,734 மணி நேரம். கட்டியது 24,812 டாலர் 80 செண்டு. 1961 செப்டம்பரில் கார் விபத்தில் சிக்கி நடனம் ஆட இயலாத அளவுக்குக் காயமடைந்தார். மீதிப் பணத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை.

பள்ளியின் வாதம் எளிமையானது. ஒப்பந்தத்திலேயே கொட்டை எழுத்தில் இது ரத்து செய்ய இயலாதது என்றும் பணம் திருப்பித் தரப்படாது என்றும் எழுதியிருக்கிறது. படித்த மனிதர் கையெழுத்திட்டிருக்கிறார். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மனம் மாறி விலகுவது வேறு, உடல் முறிந்து விலகுவது வேறு. ரத்து செய்ய இயலாது என்ற சொல்லைப் படிக்கும் சாதாரண மனிதர், நடக்கவே முடியாமற்போனாலும் பணம் போய்விடும் என்று அதற்குப் பொருள் கொள்ளமாட்டார். அப்படிப்பட்ட உரிமையையும் விட்டுக்கொடுக்கச் செய்ய வேண்டுமானால் ஒப்பந்தம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஐயம் இருந்தால் எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ளப்படும். மோசடி நடந்ததா என்பதைச் சார்ந்து அவர் வெல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெல்ல வைத்தது இயலாமை என்ற பழைய நெறிதான்.

அந்த ஒப்பந்தங்களில் 'ரத்து செய்ய இயலாது' என்பதோடு 'கைமாற்றத்தக்கது' என்ற இன்னொரு சொல்லும் இருந்தது. மாணவர்கள் பலர் அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அது என்ன செய்யும்? தவணையில் கட்ட ஒப்புக்கொண்ட தாளைப் பள்ளி ஒரு நிதி நிறுவனத்திடம் கழிவு விலைக்கு விற்றுவிடலாம். அதன்பிறகு மாணவர் பணம் கட்ட வேண்டியது நிதி நிறுவனத்துக்கு. பள்ளி வகுப்பு நடத்தவில்லை, பூட்டிவிட்டது, ஏமாற்றிவிட்டது என்றால் நிதி நிறுவனம், 'நாங்கள் நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கியவர்கள், உங்கள் சண்டை எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லும். சட்டமும் அதன் பக்கமே நின்றது. பயிற்சி நின்றுபோன பிறகும் தவணை நிற்காது. இக்கதவை அடைத்தது கூட்டாட்சி வணிக ஆணையம் 1975-இல் அறிவித்து 1976-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி. விற்றவர்மீது வாடிக்கையாளருக்கு உள்ள வழக்கும் மறுப்பும் தாளை வாங்கியவர்மீதும் செல்லும் என்று ஒவ்வொரு நுகர்வோர் கடன் ஒப்பந்தத்திலும் அச்சிட வேண்டும் என அது கட்டளையிட்டது. பணம் திரும்பக் கிடைப்பதைப் பற்றிய வரலாற்றில் வேறெந்தத் தீர்ப்பையும்விட இந்த ஒரு வாக்கியம் அதிக வேலை செய்திருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

உடற்பயிற்சிக் கூடங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விக் டேனி என்பவர் கலிபோர்னியாவிலிருந்து தொடங்கிப் பளபளப்பான உடற்பயிற்சிக் கூடங்களை நாடெங்கும் திறந்தார். கண்ணாடியும் குரோமியமும் கம்பளமுமாக இருந்த அக்கூடங்கள் தவணை ஒப்பந்த விற்பனையில் ஓடின. 1960-களின் தொடக்கத்தில் அந்தச் சங்கிலி குலைந்தது. கலிபோர்னியா 1961-இலேயே உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது; நடனப் பள்ளிகளுக்கான சட்டம் 1969-இல் வந்தது.

பலமுறை திருத்தப்பட்ட கலிபோர்னியச் சட்டத்தின் இன்றைய நிலை, இத்தகைய சட்டங்கள் எப்படிச் சிந்திக்கின்றன என்பதற்கு நல்ல சான்று. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட ஐந்து வேலை நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இறந்தாலோ உடல் இயலாமற்போனாலோ பயன்படுத்தாத பகுதிக்குரிய பணம் திரும்ப வேண்டும். கூடத்திலிருந்து 25 மைலுக்கு அப்பால் குடிபெயர்ந்தாலும் விலகலாம். அதற்குக் கூடம் அதிகபட்சம் 100 டாலர் கட்டணம் பெறலாம், ஒப்பந்தக் காலத்தில் பாதிக்கு மேல் கழிந்திருந்தால் 50 டாலர்தான். இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக வாடிக்கையாளரே கையெழுத்திட்டாலும் அது செல்லாது. நியூயார்க்கிலும் மூன்று நாள் அவகாசமும் 25 மைல் விதியும் உண்டு.

மூன்று நாள் என்ற கணக்கைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. கூட்டாட்சி அளவில் 1974 முதல் நடைமுறையிலிருக்கும் மூன்று நாள் மறுசிந்தனை விதி வீட்டுக்கு வந்து விற்பவர்களுக்கானது. வாடிக்கையாளர் தாமே கூடத்துக்குச் சென்று கையெழுத்திட்டால் அது பொருந்தாது. ஆணையம் 1975-இல் உடற்பயிற்சிக் கூடங்களுக்கெனத் தனி விதியை முன்மொழிந்து, பத்தாண்டு கழித்து 1985-இல் கைவிட்டது. ஆகவே இன்றும் அமெரிக்காவில் இது பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் விஷயமே. நடனப் பள்ளிகள்மீது மட்டும் ஆணையம் கடுமையாக இருந்தது. ஓர் ஆர்தர் மர்ரே கிளைக்கு எதிரான உத்தரவில், ஒரு மாணவரிடம் 1,500 டாலருக்கு மேல் ஒப்பந்தம் போடக்கூடாது என்ற உச்சவரம்பு விதித்தது. 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கூடமே திவாலாகிவிட்டால்? பணம் கட்டியவர் ஈடற்ற கடன்காரர்களின் வரிசையில் கடைசியில் நிற்பார். 1978-ஆம் ஆண்டு அமெரிக்கத் திவால் சட்டம் இதைக் கொஞ்சம் சீர்செய்தது. வீட்டுத் தேவைக்கான பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கட்டிப் பெறாமற்போன தனிநபருக்கு 900 டாலர் வரை முன்னுரிமை கொடுத்தது. அவ்வப்போது உயர்த்தப்படும் அத்தொகை இப்போது 3,000 டாலரைத் தாண்டிவிட்டது. முன்னுரிமை இருந்தாலும் பெட்டியில் பணம் இருந்தால்தானே கிடைக்கும் என்பது வேறு.

வராதவர்களே இலாபம்

இத்தொழில் ஏன் முன்பணத்தை இவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு விடை தருகிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் ஆகிய பொருளியலாளர்கள் மூன்று அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களைப் பற்றிய தரவை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். மாதக் கட்டணம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் ஒரு வருகைக்குச் சராசரியாக 17 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தனர். அதே கூடத்தில் பத்து வருகைச் சீட்டு 100 டாலர்தான். மாதாமாதம் தானாகத் தொடரும் உறுப்பினர்கள் கடைசியாக வந்த நாளுக்கும் ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. 'நாளைக்குப் போகலாம்' என்று நினைப்பவரின் நம்பிக்கைதான் விற்கப்படும் சரக்கு. ஒருவருக்கு ஒருவர் என நடக்கும் பயிற்சியில் வராதவரால் பயிற்சியாளரின் நேரம் வீணாகும் என்ற நியாயம் உண்டு. ஆனால் அது முன்பதிவு செய்துவிட்டு வராத ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தும்; இன்னும் நாளே குறிக்காத 40 வகுப்புகளுக்குப் பொருந்தாது.

எந்த விலையில் கழிப்பது?

திருப்பித் தர வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பின்னும் எவ்வளவு என்பதில் சண்டை வரும். ஒரு வகுப்பின் தனிவிலை 1,500 ரூபாய். 50 வகுப்புத் தொகுப்பு 50,000 ரூபாய், அதாவது வகுப்புக்கு 1,000 என்று வைத்துக்கொள்வோம். 20 வகுப்புகளுக்குப் பின் ஒருவர் விலகினால் விகிதக் கணக்குப்படி 30,000 திரும்ப வேண்டும். ஆனால் நிலையம், 'தொகுப்பை முடிக்காததால் தள்ளுபடி கிடையாது. 20 வகுப்புக்கும் 1,500 வீதம் 30,000 கழித்து 20,000 தருகிறோம்' என்று சொல்லும்.

இதே கணக்குத்தான் ஜப்பானில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே 1999-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அழகு நிலையம், மொழிப் பள்ளி, தனிப்பயிற்சிப் பள்ளி, வீட்டு ஆசிரியர் ஆகிய நீண்டகாலச் சேவைகளை இடையில் ரத்து செய்யும் உரிமையை அளித்து, நிலையம் பிடித்துக்கொள்ளக்கூடிய தொகைக்கும் உச்சவரம்பு வைத்தது. நோவா என்ற பெரிய ஆங்கில மொழிப் பள்ளி, பயன்படுத்திய வகுப்புகளை மட்டும் கூடுதல் விலையில் கணக்கிட்டுக் கழித்தது. 2007 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் இது ரத்து உரிமையை மறைமுகமாகப் பறிப்பது, செல்லாது என்றது. வாங்கிய விலையிலேயே கழிக்க வேண்டும். அதே ஆண்டு அரசு அப்பள்ளியின் வணிகத்தில் ஒரு பகுதிக்குத் தடை விதித்தது. அக்டோபரில் பள்ளி திவால் பாதுகாப்பு கோரியது. சட்டப்படி வென்ற உரிமை கையில் இருந்தும் முன்பணம் கட்டிய மாணவர்கள் நடுத்தெருவில் நின்றனர். உடற்பயிற்சிக் கூடங்கள் அந்தச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கெனத் தனி மத்தியச் சட்டம் இல்லை. வழக்குகள் இரண்டு வழிகளில் போகின்றன. ஒன்று, ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான ஈட்டுக்கு மேல் பெற முடியாது என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றம் ஃபதே சந்த் (1963), மௌலா பக்ஸ் (1969) வழக்குகளில் முன்பே கட்டிய தொகையைப் பறிமுதல் செய்வதற்கும் இதை நீட்டித்தது. மற்றது நுகர்வோர் சட்டம். நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையங்கள் இரண்டாண்டுக் கட்டணத்தை ஒருசேர வாங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்த வழக்குகளில் தேசிய நுகர்வோர் ஆணையம், நடத்தாத வகுப்புக்குப் பணம் வைத்துக்கொள்ள முடியாது என்ற நிலையை எடுத்திருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தைப் புதிதாகச் சேர்த்தது. ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்தாத அபராதமும் அதில் அடங்கும். குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்றும் வகுத்தது.

நடைமுறையில் முறையிடுபவர் செய்வது பெரும்பாலும் ஒன்றே. ரத்து செய்வதை எழுத்தில், நாளிட்டுத் தெரிவிப்பது. முடிந்த வகுப்புகளின் கணக்கையும் ரசீதையும் வைத்திருப்பது. நோய் என்றால் மருத்துவச் சான்று. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன்பின் மாவட்ட ஆணையம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட வேண்டுமானால் மட்டும் மனு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் வழக்குக்காக ஒருவர் தலைநகர் வரை போவாரா என்பதைச் சட்டம் வரைந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதனால் பெரும்பாலோர் அதே குறையைச் சேவைக் குறைபாடு என்ற தலைப்பில் மாவட்ட ஆணையத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்கள்.